துடுப்புக்கு விடுமுறை கொடுத்தவர்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தாம்பரத்தில் பெய்த மழையைப் பற்றி உங்கள் அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டுப் பாருங்கள். முதல் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்துவிட்டது! அடையாறு கரை புரண்டது. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பக்கமெல்லாம் தெருவே ஆறாகிப் போனது. மொட்டை மாடிகளில் தவித்து நின்றவர்களை அழைத்து வர மீட்புப் படையினர் ரப்பர் படகுகளில் வந்தார்கள். மீனவர்களும் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வெள்ளம் சூழ்ந்த பகுதிகளுக்கு வந்தார்கள். கடலில் போக வேண்டிய படகு, பஸ் போகும் சாலையில் போனது.

அந்தப் படகுகளில் பலவற்றின் பின்பக்கத்தில் ஒரு மோட்டார் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அவுட்போர்டு மோட்டார் என்று பெயர். படகுக்குள்ளேயே பொருத்திக் கட்டாமல், வெளியே மாட்டிக்கொள்வதால் அந்தப் பெயர். வேலை முடிந்ததும் திருகைத் தளர்த்திக் கழற்றி எடுத்துவிடலாம். கடற்கரைக் குப்பங்களில் இரண்டு பேர் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதைப் பார்க்கலாம்.

இந்த மோட்டாரை உலகமெங்கும் பரவச் செய்தவர் ஓலே எவின்ரூட். அவர் மறைந்து 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவருடைய கதையைத் தெரிந்துகொண்டால், பழைய படகு மோட்டார் ஒன்றை விலைக்கு வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதும் கூடவே புரிந்துவிடும். அதெப்படி என்கிறீர்களா? வாருங்கள், பார்க்கலாம்.

ஓலே பிறந்தது நார்வே நாட்டில், 1877-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் தேதி. அவருக்கு ஐந்து வயது இருக்கும்போது குடும்பம் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. கப்பலில் மற்ற குழந்தைகள் கடலை வேடிக்கை பார்த்தார்கள். நம் ஓலேயோ அடிக்கடி காணாமல் போய்விடுவான். தேடிப் போனால் இன்ஜின் அறையில் இருப்பான்! அவனைத் தூக்கிக்கொண்டு மேலே வருவதே பெரியவர்களுக்கு வேலையாகப் போயிற்றாம்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்ற சிற்றூர் இருக்கிறது. இங்கிலாந்தில் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அந்தக் கேம்பிரிட்ஜ் இல்லை, இது வேறு. அதன் அருகே ஒரு பண்ணையில் குடும்பம் குடியேறியது. ஓலேயின் பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. பண்ணை வேலைக்கு ஆள் வேண்டுமே!

பண்ணைக்குப் பக்கத்தில் ரிப்ளி என்று ஓர் ஏரி. பக்கத்திலேயே தண்ணீர் இருந்தால் எந்தப் பையன் சும்மா இருப்பான்? ஓலே படகு கட்டத் தொடங்கினான். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பாதி கட்டிய படகை அவர் உடைத்துப் போட்டார் என்று சொல்வார்கள். ஓலே அழுதுகொண்டு உட்காரவில்லை. மறைவான இடத்தில், ஒவ்வொரு பலகையாகச் சேர்த்து மறுபடியும் ஒரு பாய்மரப் படகைக் கட்டினான். ஏரிக்கு வந்தவர்களை ஏற்றிச் சென்று காசும் சம்பாதித்தான். காசைப் பார்த்த பிறகு அப்பாவின் கோபம் தணிந்துவிட்டது.

பதினாறு வயதில் மேடிசன் நகரத்துக்குப் போய், விவசாய இயந்திரங்கள் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் வேலை, இரவில் கணக்கும் பொறியியலும் சொல்லித்தரும் புத்தகங்கள். கற்றுக்கொடுக்க ஆசிரியர் யாரும் இல்லை. பிறகு பிட்ஸ்பர்க், சிகாகோ என்று பல ஊர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்த்துவிட்டு மில்வாக்கி நகருக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவருடைய வேலை, இரும்பை உருக்கி வார்ப்பதற்கான மர அச்சுகளைச் செய்வது. மர அச்சு சரியாக இருந்தால்தான் இரும்பு சரியாக வரும். மயிரிழை பிசகினாலும் போச்சு! அந்த வேலையில்தான் அவருடைய கையும் கண்ணும் கூர்மை பெற்றன.

நண்பர்களோடு கூட்டாக இன்ஜின் செய்யும் தொழிலும் தொடங்கிப் பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை. ஓலே இன்ஜினைக் கவனித்தாரே தவிர, வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதவில்லை. கணக்குப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இதையெல்லாம் சரிசெய்ய ஒருவர் வந்தார். பக்கத்து வீட்டுப் பெண் பெஸ். வணிகம் படித்தவர், கடிதம் எழுதுவதிலும் கணக்கு வைப்பதிலும் கெட்டிக்காரர். 1906-ஆம் ஆண்டு இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

அந்தக் காலத்தில் நடந்ததாக ஒரு கதை. ஒக்காச்சி என்ற ஏரிக்கரைக்கு எல்லோரும் உல்லாசப் பயணம் போயிருந்தார்கள். நல்ல வெயில். பெஸ்ஸுக்கு ஐஸ்கிரீம் சாப்பிட ஆசை. கடையோ ஏரிக்கு அக்கரையில். ஓலே துடுப்புப் போட்டுப் படகை ஓட்டினார். நான்கு கிலோமீட்டர் போய், ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு, அதே நான்கு கிலோமீட்டர் திரும்ப வேண்டும். மே மாதத்தில் தாம்பரம் ரயில் நிலையத்தில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு சேலையூருக்கு நடந்து பாருங்கள், என்ன ஆகும் என்று தெரியும். கரை சேர்ந்தபோது ஐஸ்கிரீம் கூழாகிவிட்டது. துடுப்பு போட்டுப் போட்டுக் கை ஓய்ந்த ஓலேயின் தலைக்குள் ஒரு யோசனை ஓடத் தொடங்கியது. படகுக்கு ஒரு குட்டி இன்ஜின் மாட்டினால் என்ன?

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்த யோசனை வந்த முதல் ஆள் ஓலே இல்லை. கேமரான் வாட்டர்மேன் என்ற அமெரிக்கர் 1905-லேயே மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் படகில் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டார், விற்கவும் செய்தார். ஆனால், யார் வேண்டுமானாலும் நம்பி வாங்கலாம் என்ற நிலைக்கு இந்த மோட்டாரைக் கொண்டுவந்தவர் ஓலேதான் என்பது என் எண்ணம்.

அவர் செய்த முதல் மோட்டாரைப் பார்த்த பெஸ்ஸுக்குச் சிரிப்புத்தான் வந்தது. காபிக்கொட்டை அரைக்கும் மிஷின் போல இருக்கிறதே என்றாராம். 1909-ஆம் ஆண்டு, வாடகைப் படகு ஒன்றில் அதை மாட்டி, மில்வாக்கி நகரின் கின்னிகின்னிக் ஆற்றில் ஓட்டிப் பார்த்தார்கள். மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகம்! சைக்கிளைவிட மெதுவாயிற்றே என்று நினைக்காதீர்கள். துடுப்புப் போடாமலே படகு போனதைக் கரையில் நின்றவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள்.

பிறகு ஒரு நண்பர் அந்த மோட்டாரை ஒரு நாள் இரவல் வாங்கிக்கொண்டு ஏரிக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் பத்து மோட்டார்களுக்கு ஆர்டரும் பணமும் இருந்தன! அந்தப் பத்துப் பேரும் விளம்பரத்தைப் பார்த்து வாங்கவில்லை. தண்ணீரில் அது ஓடியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்கினார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் நமக்குத் தேவைப்படும்.

அந்த மோட்டாரின் எடை 62 பவுண்டு, அதாவது 28 கிலோ. சக்தி ஒன்றரைக் குதிரைத்திறன். விலை 62 டாலர். உச்சியில் ஒரு கனமான சக்கரம். அதைக் கையால் சுழற்றினால் இன்ஜின் கிளம்பும். ஒரே ஒரு சிலிண்டர். இன்ஜினிலிருந்து ஒரு தண்டு செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்கும். அடியில் ஒரு சின்னப் பெட்டிக்குள் பற்சக்கரங்கள் இருக்கும். மேலிருந்து வரும் சுழற்சியை அவை பக்கவாட்டில் திருப்பிவிடும். அங்கே விசிறி சுழலும்; படகு முன்னே போகும். இன்ஜின் சூடாகாமல் இருக்க, படகைச் சுற்றியிருக்கும் தண்ணீரையே ஒரு பம்பு மேலே இழுத்துச் சுற்றவிடும். இன்றைக்கு வரும் அவுட்போர்டு மோட்டாரிலும் இன்ஜின் மேலே, தண்டு நடுவே, பற்சக்கரப் பெட்டி அடியில் என்ற இதே அமைப்புத்தான் இருக்கிறது.

இப்போது கோவளத்துக்குப் போவோம். தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போனால் வந்துவிடும். அங்கே உங்கள் மாமா ஒருவர் பழைய மோட்டார் ஒன்றை வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே நீங்களும் போகிறீர்கள். நீங்கள் எதையும் தொட வேண்டாம். விசிறிப் பக்கம் போகவே கூடாது. கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

போனதும் மாமா இன்ஜின் மேல் லேசாகக் கை வைத்துப் பார்ப்பார். ஏன் தெரியுமா? அது ஏற்கனவே சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே விற்பவர் ஓட்டி வைத்திருக்கிறார் என்று பொருள். ஆறிக்கிடக்கும் இன்ஜின் கிளம்ப எவ்வளவு அடம்பிடிக்கிறது என்பதை மறைக்க அது ஒரு வழி. அதனால் ஆறும்வரை உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்து, படகில் மாட்டும் பிடியின் மேல் ஒரு சின்னத் தகடு இருக்கும். மாடல் எண்ணும் வரிசை எண்ணும் அதில்தான் இருக்கும். தகடு இல்லையா? பிய்த்து எடுத்த தடம் மட்டும் இருக்கிறதா? திருட்டு மோட்டாராக இருக்கலாம். பில் கேட்க வேண்டும். பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும் உஷார்! உப்புத் தண்ணீர் அலுமினியத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கிவிடும். பெயின்ட் அதை மூடி மறைக்கும். பெயின்ட் கொப்புளம் போல உப்பியிருக்கும் இடத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் பல கைகள் அதைப் பலமுறை திறந்திருக்கின்றன என்று அர்த்தம்.

பிறகு கயிற்றை மெதுவாக இழுக்க வேண்டும். இழுக்கும்போது இன்ஜின் கொஞ்சம் முரண்டு பிடித்துப் பிறகு விட வேண்டும். சிலிண்டருக்குள் காற்று நன்றாக அழுந்துகிறது என்பதற்கு அது அடையாளம். வெண்ணெயில் கத்தி இறங்குவது போலக் கயிறு வந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது. அசையவே மறுத்தால் இன்ஜின் இறுகிப் போய்விட்டது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை அடியில் இருக்கும் பற்சக்கரப் பெட்டியில் நடக்கும். அதில் எண்ணெய் இருக்கும். கீழ்த் திருகைத் தளர்த்தி இரண்டு சொட்டு வடிய விட்டுப் பார்ப்பார்கள். எண்ணெய் எண்ணெயாகவே வந்தால் நல்லது. பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் போய்விட்டன. எண்ணெயில் மினுமினுவென்று இரும்புத் துகள் தெரிந்தால் பற்கள் ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கின்றன. அந்த மோட்டாருக்குப் பெரிய கும்பிடு போட்டுவிடலாம்.

விசிறியிலும் ஒரு தந்திரம் உண்டு. பழைய சிறிய மோட்டார்களில் விசிறியைத் தண்டோடு இணைப்பது ஒரு சின்ன ஊசி. விசிறி பாறையில் மோதினால் அந்த ஊசி மட்டும் ஒடிந்துபோகும், பற்சக்கரங்கள் தப்பித்துவிடும். வேண்டுமென்றே மெல்லியதாகச் செய்தது அது. சிலர் ஊசி ஒடிந்ததும் ஓர் இரும்பு ஆணியை அடித்து வைத்துவிடுவார்கள். ஆணி ஒடியாது, அடுத்த முறை மோதும்போது பற்கள் ஒடியும். ஊசி இருக்கும் இடத்தில் ஆணியைப் பார்த்தால் அந்த மோட்டாரை எப்படிப் பராமரித்திருப்பார்கள் என்று சொல்லாமலே தெரிந்துவிடும்.

கடைசியாக, ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதில் மோட்டாரின் கால் முங்கும்படி மாட்டுவார்கள். தண்ணீர் இல்லாமல் சும்மா ஒரு நிமிடம் ஓட்டிக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், உடனே தடுத்துவிட வேண்டும். பம்பில் இருக்கும் ரப்பர் சக்கரம் தண்ணீர் இல்லாமல் சுழன்றால் கொஞ்ச நேரத்தில் கருகிவிடும். இன்ஜின் ஓடும்போது பக்கத்திலிருந்து மெல்லிய நீர்த்தாரை ஒன்று பீய்ச்சி அடிக்கும். அது நிற்காமல் வந்தால், தண்ணீர் மேலே ஏறி இன்ஜினைக் குளிர்வித்துக்கொண்டிருக்கிறது. டிரம்மில் நன்றாக ஓடினாலும் போதாது. ஓலேயின் நண்பர் ஏரிக்குக் கொண்டுபோனாரே, அது போலப் படகில் மாட்டி ஒரு சுற்றுப் போய்வந்த பிறகுதான் மாமா பணத்தை எண்ணுவார்.

இவ்வளவு சந்தேகப்பட வேண்டுமா என்று தோன்றுகிறதா? லாரி நின்றுபோனால் சாலை ஓரமாகத் தள்ளி நிறுத்தலாம். கடலில் மோட்டார் நின்றால் ஓரம் ஏது? நீரோட்டம் இழுத்த பக்கம் படகு போகும். மழை நாளாக இருந்தால் கரை கண்ணுக்கே தெரியாது.

சரி, ஓலேயிடம் திரும்பிப் போவோம். மோட்டார் விற்கத் தொடங்கியதும் விளம்பரம் எழுதும் பொறுப்பு பெஸ்ஸிடம் வந்தது. துடுப்பைத் தூக்கி எறியச் சொல்லி அவர் எழுதிய விளம்பரம் அமெரிக்கா முழுவதும் பேச்சானது. (எறிந்துவிடாதீர்கள்! மோட்டார் இருந்தாலும் படகில் ஒரு துடுப்பு இருந்தே ஆக வேண்டும்.) இழுவைப் படகுகள் வைத்திருந்த கிறிஸ் மேயர் என்பவர் பணம் போட்டுக் கூட்டாளியானார். 1911-ஆம் ஆண்டு மோட்டாருக்குக் காப்புரிமையும் கிடைத்தது. வெளிநாடுகளுக்கும் பெஸ் கடிதங்கள் போட்டார். ஓலேயை ஐந்து வயதில் அனுப்பி வைத்த நார்வே பக்கத்து மீனவர்கள், அவருடைய மோட்டாரை விரும்பி வாங்கினார்கள்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பெஸ்ஸின் உடல்நலம் கெட்டது. இரவும் பகலும் உழைத்ததால் வந்த களைப்பு. ஓலே அதிகம் யோசிக்கவில்லை. 1914-ஆம் ஆண்டு தன் பங்கை மேயருக்கே விற்றுவிட்டார். ஐந்து ஆண்டுகளுக்குப் போட்டியாக மோட்டார் செய்யக் கூடாது என்று ஒப்பந்தம். தொழிற்சாலையோடு தன் பெயரையும் சேர்த்துத்தான் விற்றார்! எவின்ரூட் என்று பொறித்த மோட்டார்கள் சந்தைக்கு வந்துகொண்டே இருந்தன. எவின்ரூட்டுக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவரோ மனைவியையும் சின்ன மகன் ரால்ஃபையும் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார்.

பெஸ் உடல் தேறியதும் ஓலேயின் கை மறுபடியும் துறுதுறுத்தது. பெஸ்ஸே எளிதாகத் தூக்கும்படி ஒரு மோட்டார் வேண்டும் என்று நினைத்தார். இரும்புக்குப் பதில் பல பாகங்களை அலுமினியத்தில் செய்தார். ஒரு சிலிண்டருக்குப் பதில் இரண்டு. எடை குறைந்தது, சக்தி மூன்று குதிரைத்திறனாக உயர்ந்தது. நேராகப் பழைய கூட்டாளி மேயரிடம் கொண்டுபோய்க் காட்டினார். மேயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாவம், எவ்வளவு பெரிய வாய்ப்பைக் கைநழுவ விடுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை! ஓலேயும் பெஸ்ஸும் 1921-இல் தாங்களே புது நிறுவனம் தொடங்கினார்கள். சொந்தப் பெயரை வைக்க முடியாதே, என்ன செய்வது? எவின்ரூட்டின் எடை குறைந்த இரட்டைச் சிலிண்டர் அவுட்போர்டு என்பதன் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து எல்டோ என்று பெயர் வைத்தார்கள். எல்டோ சக்கைப்போடு போட்டது.

இரண்டு சிலிண்டர் வந்ததும் பழைய மோட்டார் வாங்குவோருக்கு இன்னொரு வேலையும் கூடியது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, மெக்கானிக் ஒரு மீட்டரை வைத்து இரண்டு சிலிண்டரிலும் காற்றின் அழுத்தத்தை அளப்பார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 100 காட்டி மற்றொன்று 70 காட்டினால், ஒரு கால் நொண்டும் மாடு மாதிரிதான். கழற்றிய பிளக்குகளையும் பார்ப்பார். ஒன்று பழுப்பாகவும் மற்றொன்று அட்டைக்கரியாகவும் இருந்தாலும் கேள்வி கேட்க வேண்டும். பழைய மோட்டார்கள் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் வகை; தாத்தா காலத்து ஸ்கூட்டர்களைப் போலப் பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டும். கலக்க மறந்தவர் கையில் இருந்த மோட்டார் சிலிண்டரில் கீறல் விழுந்து கிடக்கும்.

1929-ஆம் ஆண்டு எல்டோவும், பழைய எவின்ரூட் நிறுவனமும், லாக்வுட் என்ற மற்றொரு நிறுவனமும் ஒன்றாகச் சேர்ந்தன. தலைவர் யார்? ஓலேதான்! விற்றுவிட்டுப் போன பெயர் 15 ஆண்டுகள் கழித்து அவரிடமே திரும்பி வந்தது. ஆனால் அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1933-இல் பெஸ் இறந்துபோனார். மறு ஆண்டு, 1934 ஜூலை 12-ஆம் தேதி ஓலேயும் காலமானார். அப்போது அவருக்கு வயது 57. காரில் ஊர் சுற்றிய சின்னப் பையன் ரால்ஃப், அப்பாவின் தொழிலை எடுத்து நடத்தினார். 1936-இல் போட்டி நிறுவனமான ஜான்சனும் இவர்களோடு சேர்ந்தது.

1980-களில் தென்னிந்தியக் கடற்கரையில் நாட்டுப் படகுகளுக்கு அவுட்போர்டு மோட்டார் மாட்டுவது வேகமாகப் பரவியது. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றோடு மோட்டார்களும் பெருகின. எவின்ரூட்டை நடத்திய நிறுவனம் 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் திவாலானது. கனடா நாட்டு பம்பார்டியர் நிறுவனம் 2001-இல் அதை வாங்கித் தொடர்ந்தது. 2020 மே மாதத்தோடு அந்தப் பெயரில் மோட்டார் செய்வது நிறுத்தப்பட்டது. ஆகவே, பழைய எவின்ரூட் ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தால், பணம் கொடுப்பதற்கு முன்பு மாமா ஒரு வேலை செய்ய வேண்டும். தகட்டில் இருக்கும் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போய், பம்பின் ரப்பர் சக்கரமும், அடிப்பெட்டியின் ரப்பர் வளையமும், விசிறி ஊசியும் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். அவை கிடைக்காவிட்டால், எவ்வளவு அழகாக ஓடினாலும் அது அலமாரியில் வைக்கத்தான் உதவும்.

அடுத்த முறை முட்டுக்காடு படகுத் துறைக்குப் போகும்போது அவுட்போர்டு மாட்டிய படகு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், படகு கிளம்பியதும் மோட்டாரின் பக்கத்திலிருந்து அந்த மெல்லிய நீர்த்தாரை வருகிறதா என்று கவனியுங்கள்.